வலப்பக்கத்துப் பலகைகள்

என் வீட்டு பீரோவின் மேல் ஒரு மரக்கப்பல் இருக்கிறது. நீளம் ஒரு முழத்துக்குச் சற்று அதிகம். நடுவில் உயரமான புகைபோக்கி, விலாப்புறத்தில் அரைவட்ட மூடிக்குள் துடுப்புச் சக்கரம். வருகிறவர்கள் கண்ணில் வலப்பக்கம் படும்படி அதைத் திருப்பி வைத்திருக்கிறேன். அந்தப் பக்கம் முழுவதும் நெல் அகலத்துக்கு மெல்லிய பலகைகள் ஒட்டியிருக்கின்றன. கருமரமும் வெளிர்மரமும் எந்தக் கணக்கும் இல்லாமல் கலந்து கிடக்கும். மூன்று கறுப்பு, ஒரு வெள்ளை, இரண்டு கறுப்பு, நான்கு வெள்ளை என்று போகும். பார்க்கிறவர்கள் அதை வேலைப்பாடு என்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினால் பலகைக்கும் பலகைக்கும் இடையே இணைப்பு இருப்பதே தெரியாது. முட்டை ஓட்டைத் தடவுவது போல இருக்கும். அந்தப் பக்கத்தைக் கட்டியவள் என் அக்கா. அவளுக்குக் கண் போய்விட்டது என்பதை நான் தெரிந்துகொண்டது அந்தப் பலகைகளைப் பார்த்துத்தான். நான் அவளுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தவன். என் மனைவி இறந்தபின் ராத்திரிச் சாப்பாடு தினமும் அவள் கையால்தான். நடந்ததை எல்லாம் நாள் கிழமை போட்டு எழுதி வைக்கிற பழக்கமும் உண்டு. அப்படிப்பட்ட எனக்கு ஒரு பொம்மைக் கப்பல் சொல்ல வேண்டியிருந்தது.

அக்கா போடியில் ஓர் ஏலக்காய்க் கிட்டங்கியில் காய் பொறுக்குகிறவளாக முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தாள். மலையிலிருந்து மூட்டையில் வரும் காயைச் சல்லடையில் போட்டுப் பெரிது சிறிதாகப் பிரித்த பிறகு, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கையால் பொறுக்குவார்கள். வெடித்த காய், பூச்சி துளைத்த காய், உள்ளே விதை இல்லாத பொக்குக் காய், நிறம் வெளிறிய காய் எல்லாம் தனித்தனியாகப் போக வேண்டும். அக்காவின் விரல்கள் கோழி கொத்துவது போலப் போய்வரும். ஒரு கை அள்ளினால் எடையை வைத்தே எத்தனை பொக்கு என்பாள். இதைப் பற்றி அவளுக்குக் கர்வம் உண்டு. கிட்டங்கிப் பெண்களுக்கு அவள்மேல் கொஞ்சம் பயமும் உண்டு.

அத்தான் காலமாகிப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்று, அவளுடைய ஒரே மகன், என் மருமகன், அவளைச் சென்னைக்கு அழைத்தான். அவனுக்கு அங்கே துறைமுகம் சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் வேலை. ஒன்பதாவது மாடியில் வீடு. அக்கா ஒரே பேச்சில் முடித்தாள். “கை காலு, கண்ணு காது எல்லாம் ஒழுங்கா இருக்குற வரைக்கும் நான் இங்கதான். ஒண்ணு போச்சுன்னாலும் நீ கூப்பிடுற எடத்துக்கு வர்றேன். அதுக்கு மேல பேசாத.” மருமகன் என் பக்கம் திரும்பினான். “மாமா, நீங்கதான் சாட்சி. ஏதாச்சும் ஒண்ணுன்னா எங்கிட்ட மறைக்கக் கூடாது.” நான் ஒப்புக்கொண்டேன். அன்று முதல் ஞாயிறுதோறும் அவன் போனில் கேட்பான், நான் சொல்வேன்: “ஒங்கம்மாவுக்கு என்னப்பா, கல்லு கணக்கா இருக்கா.” நில அளவை அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவன் நான். அளந்து பார்க்காமல் எதையும் சொல்வதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தவன். நான் சொல்கிற அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் அவளுடைய வீடும் அவளுடைய கிட்டங்கி இடமும் நின்றுகொண்டிருந்தன.

நான் ஓய்வு பெற்ற பிறகு வந்த பொங்கலுக்கு மருமகன் ஓர் அட்டைப்பெட்டியோடு வந்தான். மரத்தில் துடுப்புச் சக்கர நீராவிக் கப்பல் கட்டுவதற்கான சாமான்கள். “ஒரு வருஷம் பொழுது போகும் மாமா” என்றான். பெட்டிக்குள் மீன்முள் போல வெட்டிய விலாச் சட்டங்கள், பித்தளைக் கம்பி, பொத்தான் அளவு சக்கரங்கள், ஒரு படப் புத்தகம், கருமரத்திலும் வெளிர்மரத்திலுமாக இருநூறுக்குக் குறையாத மெல்லிய பலகைக் குச்சிகள். படப் புத்தகத்தின்படி, தண்ணீர்க் கோட்டுக்குக் கீழே கருமரம், மேலே வெளிர்மரம். இப்படிப்பட்ட கப்பல்கள் அந்தக் காலத்தில் ஆழமில்லாத ஆறுகளில் போனவை. நம் பக்கத்திலிருந்து பர்மாவுக்குப் பிழைக்கப் போனவர்களும் இவற்றில் ஏறியிருக்கக்கூடும் என்று எங்கோ படித்ததை அக்காவிடம் விளக்கினேன். அவள் முறத்தை ஒதுக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்: “மலைக்குப் போக ஜீப்புல எடங் கெடைக்காம அவனவன் தொங்கிட்டுப் போறான். இவரு போடில கப்பல் கட்டுறாராம்.”

அவள் வீட்டுக் கூடத்து மேசைதான் பெரிது என்பதால் அங்கேயே கட்டத் தொடங்கினேன். தை முழுவதும் விலாச் சட்டங்களை நிறுத்துவதில் போயிற்று. மாசியில் என் கண் மங்கல் அதிகமாகிவிட்டது. இரண்டு கண்ணிலும் புரை. விளக்கைச் சுற்றி வளையம் தெரியும், வெள்ளைச் சட்டை பழுப்பாகத் தெரியும். பங்குனி முதல் வாரத்தில் மதுரையில் அறுவைக்கு நாள் குறித்தார்கள். போவதற்குள் பலகைகளை வளைப்பதற்குத் தயார் செய்துவிடலாம் என்று, குச்சிகள் எல்லாவற்றையும் அக்காவின் குளியல் தொட்டியில் ஊறப்போட்டேன். மறுநாள் அவளே அவற்றை எடுத்துச் சாக்கில் பரப்பினாள். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஈரத்தில் எல்லாமே எனக்கு ஒரே பழுப்பாகத் தெரிந்தது. அவள் ஒவ்வொரு குச்சியாகக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே இழுத்து இரண்டு குவியலாகப் போட்டாள்.

“இதுல ரெண்டு ரகம் இருக்குடா. கம்பெனிக்காரன் கலந்து விட்டுட்டான்.”

“ஆமா, ரெண்டு ரகந்தான். பிரிச்சு வையி” என்றேன்.

உலர்ந்ததும் பழைய வேட்டித் துணியில் தனித்தனியாகச் சுற்றி, ஒன்றுக்கு ஒரு முடிச்சும் இன்னொன்றுக்கு இரண்டு முடிச்சும் போட்டு வைத்தாள். ‘அக்கா குச்சிகளை இரண்டு ரகமாகப் பிரித்தாள். வேலை சுத்தம்’ என்று அன்றைய பக்கத்தில் எழுதியிருக்கிறேன். நான் ரகம் என்றது நிறத்தை. அவள் ரகம் என்றது கனத்தை. பெட்டிமேல் ஒரே கனம் என்று போட்டு விற்ற குச்சிகளில், இயந்திரம் அறுத்ததில் ஒரு மயிரிழை கூடுதல் குறைச்சல் இருந்திருக்கிறது. அவள் விரல் அதைக் கண்டுபிடித்திருக்கிறது. கருமரமும் வெளிர்மரமும் இரண்டு கட்டிலும் கலந்தே கிடந்தன.

அறுவைக்குத் துணையாக அக்காதான் வந்தாள். பஸ்சில் ஏறும்போதும் இறங்கும்போதும் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். என்னைத் தாங்குகிறாள் என்று நினைத்தேன். திரும்பி வரும்போது எனக்கு ஒரு கண்ணில் கட்டு, மறு கண்ணில் புரை. அப்போதும் அதே முழங்கை. ஆரப்பாளையம் பஸ் நிலையத்தில் அந்தக் கூட்டத்தில் நாங்கள் இருவரும் எப்படி வண்டி மாறினோம் என்பது இப்போது நினைத்தாலும் விளங்கவில்லை.

மூன்று வாரம் அவள் வீட்டில் இருந்தேன். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றக் கூடாது, குனியக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். காய்ப்புக் காலம் முடிந்து மூட்டை வரத்துக் குறைந்திருந்ததால் அவளுக்குக் கிட்டங்கியில் அரை நாள்தான் சோலி. வீட்டிலிருந்த நேரமெல்லாம் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எனக்குச் சொட்டு மருந்து போட்டாள். சின்ன விரலைப் புருவ எலும்பில் ஊன்றி, கட்டைவிரலால் கீழ் இமையை இழுத்து, ஒரு சொட்டு. ஒரு தடவைகூடக் கன்னத்தில் விழவில்லை. மருத்துவமனைத் தாதி இரண்டு தடவை தவறவிட்டாள் என்பதையும் குறித்திருக்கிறேன்.

குச்சி ரொம்ப நாள் கிடந்தால் கோணிக்கொள்ளும் என்று நான் புலம்பியதைக் கேட்டு அவளே சொன்னாள்: “நீ சும்மா ஒக்காந்து வாயால சொல்லு. நான் ஒட்டுறேன்.” நான் படப் புத்தகத்தை நினைவிலிருந்து ஒப்பித்தேன். முதல் கட்டில் பாதி முடிகிறவரை கீழே, அப்புறம் இரண்டாம் கட்டில் பாதி மேலே. அவள் ஒரு முடிச்சுக் கட்டை அவிழ்த்தாள். பலகையை விலாவில் பொருத்தி, கோந்து தடவி, குண்டூசி குத்தி, அடுத்ததை அதன் தோளோடு உரசி உட்கார வைப்பாள். உட்காரவில்லை என்றால் எடுத்து உப்புத்தாளில் நாலு இழுப்பு இழுத்து மறுபடி வைப்பாள். சாயங்காலம் இருட்டத் தொடங்கியும் விளக்கைப் போடாமல் செய்துகொண்டிருந்தாள். ‘மின்சாரச் சிக்கனம்’ என்று எழுதினேன். கறுப்புக் கண்ணாடி வழியாக எனக்குக் கப்பல் முழுவதும் ஒரே கறுப்பு. பன்னிரண்டு நாளில் வலப்பக்கம் முடிந்தது.

பங்குனிக் கடைசி ஞாயிறு, காலை பதினோரு மணி வாக்கில் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் புதுக் கண்ணாடி போட்டேன். பல வருடங்களுக்குப் பிறகு வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. காலண்டர் தாளில் சிவப்பு, அக்கா சேலைக் கரையில் மாம்பழ மஞ்சள். சந்தோஷத்தில் அடுத்ததாகக் கப்பலைத் திருப்பினேன். தண்ணீர்க் கோட்டுக்குக் கீழும் மேலும் கறுப்பும் வெள்ளையும் வாரி இறைத்தது போலக் கிடந்தது. அவள் அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“என்னக்கா பண்ணி வச்சுருக்க? கறுப்பையும் வெள்ளையையும் கலந்து ஒட்டியிருக்க. கண்ணு தெரியலையா ஒனக்கு?”

நாளுக்கு நான்கு தடவை யாராவது யாரையாவது கேட்கிற கேள்வி. தெருவில் சைக்கிள் இடித்தால் கேட்போம். பதில் எதிர்பார்த்து யாரும் கேட்பதில்லை.

“தெரியலடா” என்றாள் அக்கா.

கீரைத் தண்டை ஒடித்துக்கொண்டே இருந்தாள். விளையாடுகிறாள் என்று நினைத்து நான் சிரிக்கக்கூடச் செய்தேன். அவள் முகத்தைப் பார்த்தபோது, அவள் என் தோளுக்கு அந்தப் பக்கம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புதுக் கண்ணாடியில் அது நன்றாகத் தெரிந்தது. “வலது கண்ணுல வெளிச்சம் மட்டுந்தான். எடது கண்ணுல சாவி ஓட்டை வழியா பாத்த மாதிரி, அதுவும் பொக மூட்டமா. ஒன் மொகம் தெரிஞ்சு ரெண்டு வருஷம் இருக்கும்.” அதைச் சொல்லிவிட்டு, அரிவாள்மனையில் கீரையை அரியத் தொடங்கினாள். கத்தி அவள் விரல் நகத்தை ஒட்டி ஒட்டிப் போய்வந்தது. என்னால் அங்கே நிற்க முடியவில்லை. நாற்காலியில் வந்து உட்கார்ந்தேன்.

மறுநாளே அதே மதுரை மருத்துவமனை. வர மறுத்தவளை, நான் சாப்பிட மாட்டேன் என்று சொல்லி இழுத்துப் போனேன். சோதித்த பெண் மருத்துவர் வயதில் சின்னவர். கண்ணுக்குள் நீர் அழுத்தம் ஏறி நரம்பு வாடிவிட்டது. வலியே இல்லாமல் ஓரத்திலிருந்து அரித்துக்கொண்டு வரும் நோய். போனது திரும்பாது, மிஞ்சியிருக்கும் கீற்றை ஆயுசுக்கும் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றலாம் என்றார். அப்புறம் என் கோப்பைப் புரட்டிவிட்டு, “போன மாசம் நீங்கதானே இங்க ஆபரேஷன் பண்ணிக்கிட்டீங்க? கூட வந்தது இவங்களா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் மருந்துச் சீட்டை எழுதி நீட்டினார். நாங்கள் வெளியே வந்தோம். தாழ்வாரத்தில் பெரிய எழுத்தில் ஒரு பலகை: நோயாளியுடன் வருபவர்களுக்கும் இலவசப் பரிசோதனை. போன மாதம் காலை ஏழு மணி முதல் மாலை நான்கு வரை அக்கா அந்தப் பலகைக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தாள். அந்த நேரத்தைக்கூட நான் எழுதி வைத்திருந்தேன்.

கிட்டங்கியில் இதை எப்படிச் சமாளித்தாள் என்று அக்கா சொல்லவில்லை. அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்குகிற பெண் சிலமலையிலிருந்து வருகிறவள். எல்லாருக்கும் அவள் சிலமலைக்காரி. மாலையில் பஸ் நிலையத்தில் அவளைப் பிடித்தேன். என்னைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

“தெரிஞ்சு போச்சா அண்ணே?”

“ஒங்களுக்கு எப்பருந்து தெரியும்?”

“ரெண்டு தீவாளி போச்சு. ஒரு நா வெளுத்த காயைப் பூராத்தையும் பச்சையோட சேத்துட்டுச்சு. நான் ஏங்க்கான்னேன். தொடையில கிள்ளிருச்சு, ரெத்தம் கட்டிப்போச்சு. அன்னைலருந்து வெடிச்சது, பொக்கு, துளை எல்லாம் அக்கா பாக்கும். நெறத்தை நான் பாப்பேன். நாங்க குமியை மாத்திக்குவோம். எங்க ரெண்டு பேருக்கும்தான் வேல வெரசா முடியும். மேனேசரு எங்களத்தான் மத்தவளுகளுக்குக் காட்டுவாரு.” சொல்லும்போது அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?”

அவள் பஸ்சின் போர்டைப் பார்த்தாள். வந்தது அவளுடைய பஸ் இல்லை. “சொல்லுவமான்னு நானும் கேட்டேன் அண்ணே. ‘அவன்கிட்டச் சொல்லாத, எழுதி வச்சுருவான்’னுச்சு.”

அந்த வாக்கியத்தைக் கேட்டுவிட்டு வீடு வரை எப்படி நடந்தேன் என்பது நினைவில்லை. வந்ததும் பழைய நோட்டுகளை இறக்கினேன். முப்பது வருடமாக மழை, ஏலக்காய் வரத்து, ஊரில் பிறப்பு இறப்பு, ரயில் நின்ற நாள், மறுபடி வந்த நாள் எல்லாவற்றையும் எழுதுகிறவன். வருங்காலத்தில் இந்த ஊரைப் பற்றி யாராவது எழுதினால் என் நோட்டு உதவும் என்று உள்ளுக்குள் ஓர் எண்ணம் உண்டு. கடைசி இரண்டு வருட நோட்டுகளில் அக்காவைத் தேடினேன். எல்லாமே இருந்தது. ‘ஐப்பசி, செவ்வாய். கடைத்தெருவில் அக்கா என்னைக் கண்டும் காணாதது போலப் போனாள். என்ன கோபமோ.’ ‘கார்த்திகை, வெள்ளி. அக்கா இனிப் பஸ் ஏற மாட்டாளாம், நடந்துதான் போவாளாம். பிடிவாதம்.’ ‘மாசி, ஞாயிறு. கல்யாண வீட்டில் போட்டோ காட்டினார்கள், அக்கா ஒன்றும் சொல்லாமல் கொடுத்துவிட்டாள். பொண்ணு பிடிக்கவில்லை போல.’ ‘வைகாசி, புதன். ரசத்தில் இரண்டாம் முறையும் உப்பு. கவனம் வேறெங்கோ.’ கோபம், பிடிவாதம், அதிருப்தி, கவனக்குறைவு. ஒவ்வொரு தடவையும் நாள் சரியாக எழுதி, காரணத்தைத் தவறாக எழுதியிருக்கிறேன். என் கையெழுத்தே எனக்கு அந்நியமாகத் தெரிந்தது. அக்கா பயந்தது சரிதான். தெரிந்திருந்தால் நான் அன்று எழுதியிருப்பேன், ஞாயிற்றுக்கிழமை மருமகனுக்குச் சொல்லியும் இருப்பேன். சொல்லியிருந்தால் ஒருவேளை கண்ணில் பாதி மிஞ்சியிருக்கும். இந்த இரண்டையும் சேர்த்து யோசிக்க என்னால் இன்றுவரை முடியவில்லை.

சித்திரையில் மருமகன் மூன்று நாள் விடுப்பில் வருவதாகச் சொன்னான். கப்பலைப் பார்க்க வேண்டும் என்றான். அக்கா என்னை உட்கார வைத்தாள். “நீயா சொல்லாத. அவனாக் கேட்டா நான் சொல்லிக்கிறேன். அந்தக் கப்பலுக்கு மட்டும் கறுப்புப் பெயிண்டு அடிச்சுரு.” நான் ஒரு சின்ன டப்பா கறுப்புப் பெயிண்டும் தூரிகையும் வாங்கி வந்தேன். மூடியை நெம்பித் திறந்து, தூரிகையை நனைத்து, முதல் பலகை வரை கொண்டுபோனேன். கை போகவில்லை. மூடிவிட்டேன். அவளிடம் அடித்துவிட்டதாகவும் சொல்லவில்லை, அடிக்கவில்லை என்றும் சொல்லவில்லை.

அவன் வந்து செருப்பைக் கழற்றியதும் கப்பலிடம்தான் போனான். அவன் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “மாமா, செம டிசைனு. புக்குல இப்படி இல்லையே, நீங்களா யோசிச்சதா?” என்று கேட்டு, போனில் நான்கு படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பினான். மூன்று நாளும் நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அவனுக்குத் தோசை வார்த்தாள். கல்லின் சூட்டைக் கையை மேலே காட்டிப் பார்த்தாள். குழம்பை ஊற்றும்போது கிண்ணத்தின் விளிம்பில் விரல்நுனி வைத்திருந்தாள். அவன் பேரன் படம் என்று போனை நீட்டினான். “அப்படியே ஒங்கப்பா” என்றாள். அந்தப் படத்தில் பேரன் இல்லை, அவன் வரைந்த ஒரு யானை இருந்தது. பேரன் படம் அடுத்தது. மருமகன் தானாகவே அடுத்த படத்துக்குத் தள்ளிவிட்டு, “ஆமாம்மா, எல்லாரும் அதான் சொல்றாங்க” என்றான். தாய்மேல் உயிரையே வைத்திருக்கிற பிள்ளை. கை எட்டும் தூரத்தில் இருந்தான். பார்க்கவே எனக்குப் பதற்றமாக இருந்தது. இரண்டு வருடம் நான் இருந்த இடத்தில் இப்போது அவன் உட்கார்ந்திருந்தான்.

மதுரை போகும் சாயங்கால ரயிலில் அவனை ஏற்றிவிடப் போனோம். அவன் பெட்டியில் ஏறி, கதவருகே நின்று பேசிக்கொண்டிருந்தான். வண்டி ஊதியதும் ஓடி வந்த ஒரு குடும்பம் எங்களை இடித்துக்கொண்டு ஏறியது. அக்கா இரண்டடி பின்னால் தள்ளப்பட்டுத் திசை மாறி நின்றாள். வண்டி நகர்ந்தது. அவள் சிரித்தபடி கையை ஆட்டினாள், பின்னால் இருந்த வேறு பெட்டியைப் பார்த்து. அங்கே ஜன்னலோரம் இருந்த யாரோ ஒருவர் குழப்பத்தோடு பதிலுக்குக் கை காட்டினார். நான் யோசிக்கவில்லை. அவள் தோளைப் பிடித்து மகன் இருந்த பக்கம் திருப்பினேன். அவளும் நிறுத்தாமல் அதே சிரிப்போடு இந்தப் பக்கம் ஆட்டினாள். நிமிர்ந்தபோது மருமகன் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கை பாதி உயர்ந்து அப்படியே நின்றிருந்தது. வண்டி வளைவு திரும்புகிறவரை அது இறங்கவில்லை.

தேனியில் இறங்கி, பஸ் பிடித்து, ஒரு மணி நேரத்துக்குள் திரும்பி வந்துவிட்டான். நாங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்து காப்பி குடித்து முடித்திருக்கவில்லை. படியில் காலடி கேட்டதுமே அக்கா தம்ளரைக் கீழே வைத்தாள்.

“எறங்கி வந்துட்டியாப்பா.”

அவன் அவள் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, மூன்று விரலை நீட்டினான். அவள் முகத்தருகே அதை அசைத்தான். “என்னடா காட்டுற, விரலா? பள்ளிக்கூடத்துப் பிள்ளைகிட்டக் கேக்குற மாதிரி” என்று அவள் அந்தக் கையைத் தடவிப் பிடித்து மடக்கினாள். அவன் என் பக்கம் திரும்பி, “சாட்சின்னு சொன்னேனே மாமா” என்றான். அவ்வளவுதான் சொன்னான். இருபது நாளாகத்தான் எனக்குத் தெரியும் என்று சொல்ல வந்தேன். அது எனக்கே கேவலமாகப் பட்டது.

அக்கா அவனிடம் ஒன்று மட்டும் சொன்னாள். “இங்க அடுப்படிக்கு ஒம்போது எட்டு, கிட்டங்கிக்கு எத்தன திருப்பம், எந்த வீட்டு நாயி எங்க படுத்துருக்கும், எல்லாம் எனக்குத் தெரியும். இங்க எனக்கு ஒண்ணும் கொறையல. ஒன் வீட்டுக்கு வந்தாத்தாண்டா நான் குருடி.” அவன் அழுதான். அவள் அவனை அழவிட்டாள். பிறகு எழுந்து, “சொன்ன சொல்லு சொன்னதுதான். வர்றேன்” என்று துணி எடுத்துவைக்க உள்ளே போனாள். மறுநாள் காலை கிட்டங்கிக்குப் போய், சிலமலைக்காரியின் பக்கத்தில் உட்கார்ந்து, மதியம் வரை பொறுக்கிவிட்டு, கை கழுவிக்கொண்டு வந்தாள். அங்கே யாரிடமும் காரணம் சொல்லவில்லை. மகன் வீட்டுக்குப் போகிறேன் என்று மட்டும் சொன்னாளாம். அன்று மாலை ரயிலில் இருவரும் போனார்கள்.

கப்பலை நான் என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஆவணி முதல் மார்கழி வரை இடப்பக்கத்தை நானே கட்டினேன். இந்த முறை இரண்டு கட்டுகளிலும் மிச்சமிருந்ததைப் பிரித்து நிறம் பார்த்து அடுக்கினேன். தண்ணீர்க் கோட்டுக்குக் கீழே கருமரம், மேலே வெளிர்மரம், படப் புத்தகத்தில் இருப்பது போலவே. இந்தச் சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்குப் பத்து நாள் வருகிறாள், வியாழக்கிழமை வண்டி. வந்ததும் கப்பலைத்தான் கேட்பாள், போனிலேயே கேட்டுவிட்டாள். இரண்டு பக்கமும் தடவிப் பார்க்க வேண்டுமாம். நேற்று நான் கண்ணை மூடிக்கொண்டு இடப்பக்கத்தைத் தடவிப் பார்த்தேன். கனத்த பலகையும் மெல்லிய பலகையும் படிப்படியாக ஏறி இறங்குகின்றன. மூன்று இடத்தில் என் விரல் நகம் உள்ளே நுழைகிறது.